ஆத்தா வந்த கழுத்து

வடிவின் கழுத்து சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாள், திடீரென்று தலை இடப்பக்கம் வெட்டும். கூடவே தோள் ஒருமுறை ஏறி இறங்கும். அப்பாடா, முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் தொண்டையிலிருந்து 'ஹுக்' என்று ஒரு சத்தம் கிளம்பும். புதிதாகப் பார்க்கிறவர்கள் விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள். குமணன்சாவடியில் அவள் தெருக்காரர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

எப்போதும் அப்படிப் போட்டுக்கொண்டார்களா என்றால், இல்லை. ஏழு வயதில் அவளுக்கு முதலில் வந்தது கண் சிமிட்டல். கண்ணில் தூசி என்று அம்மா பொன்னியம்மா விளக்கெண்ணெய் விட்டாள். சிமிட்டல் போய் மூக்குச் சுளிப்பு வந்தது. அது போய் தோள். அப்புறம் கழுத்து, அப்புறம் இந்தச் சத்தம். சில மாதம் அடங்கிக் கிடக்கும். தொலைந்தது சனியன் என்று வீடே மறந்த நேரம் பார்த்து இரண்டு மடங்காகத் திரும்பி வரும். எதிர்வீட்டு தாட்சாயிணி, கூட விளையாடுகிறவள், 'கொக்கரக்கோ' என்று பேர் வைத்தாள். அந்தப் பேர் ஒரே நாளில் தெரு முழுக்கப் பரவியது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தார். வீட்டில் அண்ணன் உலகநாதன் அடித்தான்.

அவன் கெட்டவன் இல்லை. அடித்தால் நிற்கிறது என்று ஒரு உண்மையைக் கண்டுபிடித்துவிட்டான், அவ்வளவுதான். அடி விழுந்த பயத்தில் வடிவு பல்லைக் கடித்துக் கொஞ்ச நேரம் அடக்கி வைப்பாள். அப்புறம் அடக்கியதெல்லாம் மொத்தமாகச் சேர்ந்துகொண்டு வரும். "பாத்தியா, வேணும்னே பண்றா. அடக்க முடிஞ்சவளுக்கு நிறுத்த முடியாதா?" என்று மறுபடியும் அடிப்பான். தும்மலைக்கூட கொஞ்ச நேரம் அடக்கலாம், அதற்காக தும்மலை நிறுத்திவிட முடியுமா என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். பம்பைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். பம்பை அடித்தால் நல்ல உடம்பே நிற்காது. வடிவினுடையது பம்பை இல்லாமலேயே ஆடுகிற உடம்பு. கூட்டம், வெயில், அத்தனை ஜோடிக் கண்கள். கழுத்து வெட்டு வெட்டென்று வெட்டியது, தோள் குதித்தது, தொண்டை ஓயவே இல்லை. சபையில் மானம் போகிறதே என்று உலகநாதன் அடிக்க ஓடி வந்தான். பூசாரி வீராசாமி குறுக்கே விழுந்தார்.

"டேய், ஆத்தா வந்துகீறாடா! கைய எட்றா!"

அடிக்க ஓடிவந்தவன் அப்படியே காலில் விழுந்தான். அவனுக்குப் பின்னால் கூட்டமே விழுந்தது.

அன்றோடு அடி நின்றது. பேர் வைத்துக் கூப்பிடுவதும் நின்றது. பொன்னியம்மா கோயில் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள், மகளுக்குப் பைத்தியமில்லை என்ற சந்தோஷத்தில். ஆனால் பள்ளிக்கூடமும் அன்றோடு நின்றது. ஆத்தா வருகிற உடம்பு கண்ட பெஞ்சிலும் உட்காரலாமா? வயது வந்த பிறகு பெண் கேட்டு வந்தவர்களையும் வாசலோடு அனுப்பினார்கள். ஆத்தா வருகிற கழுத்தில் மனுஷன் தாலி கட்டலாமா? பழகிய பெண்களெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்து, காலையில் டிபன் தூக்கோடு பஸ் பிடிக்க ஓடும்போது இவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்கள் ஓடுகிற ஓட்டத்திலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடுவார்கள்.

ஆடிக்கு ஆடி அவள் குறி சொன்னாள். உலகநாதனும் வளர்ந்தான். ஏரிக்கரை வயலில் கூலிக்கு நாற்று நட்ட லட்சுமணனின் மகன் இன்றைக்கு போல்ட் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். கோயில் கமிட்டியில் இருக்கிறான். கூழ் ஊற்றும்போது முதல் சொம்பு அவன் வீட்டுக்குத்தான் போகிறது.

இதையெல்லாம் வடிவு நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். மீதிப் பாதியில் ஒரு சந்தேகம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கழுத்து வெட்டுவதற்கு முன்னால் உள்ளே ஒரு இடத்தில் அரிக்கும். வெளியே சொறிந்தால் போகாத அரிப்பு. வெட்டினால்தான் போகும். ஆத்தா வருவதென்றால் அரித்துக்கொண்டா வருவாள்? இன்னொன்று, மல்லிகை கட்டும்போது அது வருவதே இல்லை. பூவும் நாருமாக விரல் ஓடிக்கொண்டிருந்தால் கழுத்து மறந்துவிடுகிறது. பூ என்றால் ஆத்தாவுக்கு உயிர் என்கிறார்கள், பூ கட்டுகிற நேரத்தில் மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறாள்? கேட்க ஆளில்லை. அவளிடம்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷத்து ஆடி. கூழுக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது அதே எதிர்வீட்டு தாட்சாயிணி, மகள் ராணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இப்போது அவள் வடிவைக் கூப்பிடுவதே வேறு மாதிரி.

"ஆத்தா, நீதான் ஒரு வழி காட்டணும். இத்தப் பாரு."

ராணிக்கு எட்டு வயது. மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கண்ணும் இறுக மூடின. மூக்கு மேலே ஏறியது. 'க்கீ' என்று நாய்க்குட்டிபோல ஒரு சத்தம் வந்தது. வந்த உடனே அவள் அம்மாவின் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை வடிவுக்கு நன்றாகத் தெரியும்.

"டீச்சரு வெளிய நிக்க வெச்சுட்டாங்க. பட்டணத்து டாக்டராண்ட இட்டுகினு போனேன். செல்லம் ஜாஸ்தி, கண்டிச்சு வளருன்னு சொல்லி அனுப்பிட்டாரு. கண்டிச்சுகினுதான் கீறேன், கையே வலிக்குது. பூசாரி காத்து கருப்புன்னு சொல்றாரு. கூழு அன்னிக்கி மஞ்சளச் சுட்டு நெத்தியில, பின்கழுத்துல வெச்சா ஓடிப்பூடுமாம்." தாட்சாயிணி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா ஆத்தா உத்தரவு குடுக்கணும். காத்தா, இல்ல நீயான்னு அன்னிக்கி நீ சொல்லு. அது வரைக்கும் இவ உன் காலடியில கெடக்கட்டும். நான் வேலைக்குப் போவணும்."

இதற்கு ஒரு பேர் இருக்கிறது, எங்கேயோ எந்தப் புத்தகத்திலோ எழுதியிருக்கிறது என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பட்டணத்து டாக்டருக்கே தெரியவில்லை, தெருவைச் சொல்லி என்ன?

தாட்சாயிணி போன பிறகு வடிவு பூவைக் கையில் எடுத்தாள். கட்டவில்லை. அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் இப்படி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். வரமோ சாபமோ, தனக்கு மட்டும்தான் என்று.

"ஏம்மே, அது வர்றதுக்கு முன்னால உனுக்கு இன்னா ஆவுது?"

பிள்ளை வடிவின் கையைப் பார்த்தாள்.

"அடிக்க மாட்டேன். சொல்லு."

"அரிக்கும்க்கா."

வடிவின் கையிலிருந்த நார் நழுவியது. "எங்க?"

"இங்க." மூக்கும் கண்ணும் சேருகிற இடத்தைத் தொட்டுக் காட்டினாள் ராணி. "வெளிய இல்ல, உள்ள. சொறிஞ்சா போவாது. அத்த செஞ்சாத்தான் பூடும். அப்பால திரும்ப வரும்."

"அடக்கி வெச்சா?"

"தும்மல அடக்குற மேரி கீது. கொஞ்ச நேரம்தான். அப்பால ஜாஸ்தியாவும்." பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது. முழங்காலை விட்டுவிட்டு நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் பாத்துகினே இருந்தா இன்னும் ஜாஸ்தி. பாண்டி ஆடும்போது வராது. மறந்துடும்."

வடிவின் தலை இடப்பக்கம் வெட்டியது. 'ஹுக்.' ராணி கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. உன்னிப்பாகக் கழுத்தையே பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"உங்களுக்கும் அரிக்குதாக்கா? இல்ல சாமியா?"

ஆடிக்கு ஆடி எத்தனையோ கேள்வி அவளிடம் வந்திருக்கிறது. மழை வருமா, மாடு கிடைக்குமா, மகனுக்கு வேலை ஆகுமா. எல்லாவற்றுக்கும் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள். இதைக் கேட்டதும் எழுந்து உள்ளே போனாள். சும்மா போன கையோடு சும்மா திரும்பி வந்தாள். தண்ணீர் குடித்தாள். வாசலுக்குப் போனாள். பெங்களூர் ரோட்டில் லாரிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. மறுபடியும் உள்ளே வந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசி போட்டது மறந்து தெருவுக்கு வருவாள், தெருவில் நின்றது மறந்து கிணற்றடிக்குப் போவாள். கழுத்தும் அவளோடு சேர்ந்துகொண்டு ஆடியது. ஆத்தா இந்த வருஷம் முன்கூட்டியே வந்துவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

காத்து என்று சொன்னால் பிள்ளைக்குச் சூடு. சூடு வைத்தும் அந்த 'க்கீ' நிற்காது என்று வடிவுக்குத் தெரியும். நிற்காவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு சூடு. அதனால் காத்து என்று சொல்வதாக இல்லை. நான்தான் வந்திருக்கிறேன், அவளும் என் பிள்ளை என்று சொல்லிவிட்டால்? சூடு இல்லை, அடி இல்லை. தன்னைக் காப்பாற்றியது எதுவோ அது ராணியையும் காப்பாற்றிவிட்டுப் போகட்டும். ஒரு வாக்கு, முடிந்தது காரியம். அப்படித்தான் சொல்வது என்று முடிவு கட்டினாள்.

உலகநாதனுக்கு இதில் வேறு கவலை. ஷிப்டு முடிந்து வந்தவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"எதிர்வூட்டுப் பொண்ண இன்னா பண்ணப்போற?"

"ஆத்தா சொல்றத சொல்றேன்."

"அது சரி. ஆனா ஒரே தெருவுல ரெண்டு ஆத்தான்னா நல்லாவா கீது? நாளைக்கே கமிட்டில அவங்க ஊட்டுக்கும் மொத சொம்பு குடுன்னு நிப்பாங்க." குரலைத் தணித்தான். "காத்துன்னு சொல்லிட்டுப் போயேன். ரெண்டு சூடுதான், ஆறிப்பூடும்."

வடிவு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆத்தாவிடமே சிபாரிசுக்கு வருகிறவனை என்னவென்று சொல்வது? 'ஹுக்' என்றாள். அது பதிலா, உத்தரவா, கோபமா என்று புரியாமல் அவன் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான்.

கூழுக்கு முந்தின நாள் ராணி வாசலில் கரித்துண்டால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போய், சில்லை எட்டித் தள்ளி, திரும்பி வந்தாள். கண் மூடவில்லை. மூக்கு ஏறவில்லை. வடிவு அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நாளைக்கி உன்னிய சாமின்னு சொல்லிடப் போறேன். அப்பால யாரும் அடிக்க மாட்டாங்க."

ராணியின் முகம் மலர்ந்தது. "மெய்யாலுமா? அம்மாகூடவா?"

"உங்கம்மா உன் கால்ல உயுவாங்க."

பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் யோசித்தாள். "பள்ளிக்கூடத்துல?"

"சாமி பள்ளிக்கூடம் போவக் கூடாது."

"பாண்டி ஆடலாமா?"

தெருவில் இறங்கி மாரியம்மா நொண்டியடித்தால் ஊர் என்ன சொல்லும்? வடிவு கூடாது என்று தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலோடு சேர்ந்து கழுத்தும் ஒரு வெட்டு வெட்டியது.

"கூட ஆடுற பாப்பா, கோமதி இவங்ககூடயெல்லாம் சேர முடியாதா?"

"வந்து கும்புடுவாங்க."

ராணி கையிலிருந்த சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் ஒருமுறை இறுக மூடித் திறந்தது. பிறகு, கடையில் இரண்டு மிட்டாயில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற நிதானத்தோடு சொன்னாள்.

"அப்ப அடிச்சாலே தேவலாம்க்கா."

சொல்லிவிட்டு எழுந்து போய் விட்ட இடத்திலிருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தாள். வடிவுக்கு, பன்னிரண்டு வயதில் தன்னையும் யாராவது இப்படி உட்கார வைத்துக் கேட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. கேட்டிருந்தால் தானும் இதையேதான் சொல்லியிருப்போம் என்று தோன்றியபோது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யார் கேட்டார்கள்? காலில் விழுகிற அவசரத்தில் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

பேசாமல் உண்மையைச் சொல்லிவிடலாம். சொல்லலாம்தான். சொன்னால் மறுநாளே 'கொக்கரக்கோ' திரும்பி வந்துவிடும். அண்ணன் வீட்டுச் சோறு என்ன ஆகும்? வீட்டை விட்டே துரத்தினாலும் துரத்துவான். அதையெல்லாம்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒருவேளை மெய்யாகவே ஆத்தாவாக இருந்து தொலைத்தால்? இத்தனை வருஷம் கூடவே இருந்தவளை இல்லை என்று சொன்னால் சும்மா விடுவாளா? எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் நிற்க இடமில்லை. அண்டா அண்டாவாகக் கூழ், கூடை கூடையாக முருங்கைக்கீரை, ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. வேப்பிலை வாசனையும் வியர்வையும் கலந்து மூச்சு முட்டியது. ஒரு மண்சட்டியில் தணல் போட்டு, அதில் விரலி மஞ்சளைச் சொருகி வைத்திருந்தார் வீராசாமி. அதற்குப் பக்கத்திலேயே தாட்சாயிணி மகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராணியின் கண் நிமிஷத்துக்குப் பத்துத் தரம் மூடியது. இத்தனை பேர் பார்த்தால் மூடாதா?

மஞ்சள் புடவையில் வடிவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பம்பை ஆரம்பித்தது. அடக்கிப் பார்ப்போம் என்று பல்லைக் கடித்தாள். ஒன்றும் வராமல் மரம் மாதிரி நின்றுவிட்டால் பேச்சே இல்லாமல் காரியம் முடிந்துவிடுமே என்று ஒரு அற்ப ஆசை. எங்கே முடிகிறது? உள்ளே அரிப்பு ஏறிக்கொண்டே போனது. அடக்க அடக்க உடம்பு முழுக்க அரித்தது. பம்பை வேகம் பிடித்தபோது கழுத்து வெட்டியது, தோள் எகிறியது, 'ஹுக்' என்ற சத்தம் பம்பையை மீறிக் கேட்டது. "ஆத்தா! தாயே!" என்று கூட்டம் கத்தியது. உலகநாதன் தலையில் கட்டிய மஞ்சள் துண்டோடு முன்னால் வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

வீராசாமி உடுக்கையைத் தட்டிக்கொண்டு எதிரே வந்தார். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். வந்திருப்பது யார் என்று முதலில் பேர் கேட்க வேண்டும். பேர் சொல்லாதவரை குறி கேட்கக் கூடாது. அருள் ஏறிய வாய் பொய் சொல்லாது என்பது அங்கே கட்டுப்பாடு. சொன்ன பேர் சொன்னதுதான், பூசாரியே ஆனாலும் மாற்ற முடியாது. மூன்று தடவை கேட்பார், மூன்று தடவை சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆடியிலும் வடிவு 'மாரி' என்று சொல்லியிருக்கிறாள். சொல்லு சொல்லு என்று நூறு பேர் வாயைப் பார்க்கும்போது வேறு என்ன வரும்?

"யாரு வந்துகீறது?" என்றார் பூசாரி.

வடிவு ராணியைப் பார்த்தாள். ராணி தணலில் இருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவு" என்றாள்.

உடுக்கை ஒரு தட்டு தவறியது. முன்வரிசையில் ஒரு கிழவி, "எந்த வடிவும்மா? தூக்கு மாட்டிகினாளே, அந்த வடிவா?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். இரண்டு மூன்று பேர் பயந்து பின்னால் நகர்ந்தார்கள்.

"யாரு வந்துகீறது? ஒயுங்கா சொல்லு தாயே!"

"இந்த வடிவுதான். லட்சுமணன் பொண்ணு."

வீராசாமிக்கு நெற்றியில் வியர்த்துக் குங்குமம் வழிந்தது. பாவம், அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. கும்பிட்டுத்தான் கேட்டார். மூன்றாவது தடவை அவர் குரல் கெஞ்சியது.

"தாயே, சோதிக்காத. யாரு வந்துகீறது?"

"யாரும் வரல பூசாரி" என்றாள் வடிவு. சத்தமாகச் சொன்னாள். பம்பை நின்றிருந்தது. "எப்பவுமே யாரும் வந்ததில்ல. நான் உலகநாதன் தங்கச்சி வடிவு. இது என் கழுத்து. ஏழு வயசுல இருந்து இப்படித்தான் வெட்டுது. உள்ள அரிக்கும், வெட்டுனா அடங்கும். அந்தப் புள்ளைக்கும் அதேதான். காத்தும் இல்ல, ஆத்தாவும் இல்ல. அது நெத்தியில சூடு வெச்சா நெத்தி வேவும், வேற ஒண்ணும் ஆவாது."

சொல்லி முடித்ததும் தலை வெட்டியது. 'ஹுக்.' ஒருத்தரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. வானம் இடிந்து விழவில்லை. ஆத்தா வந்து நாக்கைப் பிடுங்கவில்லை.

கூட்டம் சலசலத்தது. வேஷம் என்றான் ஒருத்தன். ஆத்தா கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டாள், அதனால்தான் இப்படிப் பேசுகிறாள் என்றாள் ஒருத்தி. "மூணு தபா பேர் சொல்லிட்டா. சொன்னது சொன்னதுதான்" என்றார் வீராசாமி. சொல்லிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உடுக்கையை இடுப்பில் சொருகினார். அப்புறம் கவனம் வந்தவராக மண்சட்டியைப் பார்த்தார். "தாட்சாயிணி, உன் பொண்ணுக்கு இன்னா சொல்ற? தணலு ஆறிகினு கீது."

தாட்சாயிணி மகளைக் கீழே விடாமல் தூக்கிக்கொண்டே எழுந்தாள். வடிவுக்கு எதிரே வந்து நின்றாள். விழுவதா, கும்பிடுவதா, காறித் துப்புவதா என்று மூன்றும் அவள் முகத்தில் வந்து போயின.

"வடிவு," என்றாள். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது. "வலிக்குமா அது?"

"அதுவா வலிக்காது. கழுத்து அசந்துபூடும், அவ்ளோதான்." வடிவு கழுத்தைத் தடவிக்கொண்டாள். "எல்லாரும் பாத்துகினே இருப்பீங்களே, அதான் வலிக்கும். அடிச்சப்பவும் பாத்தீங்க, கும்புட்டப்பவும் பாத்தீங்க."

"நிக்கவே நிக்காதா?"

"எனுக்கு நிக்கல. இவளுக்கு நின்னாலும் நிக்கும். எனுக்கு இன்னா தெரியும், நான் இன்னா சாமியா?"

ராணியின் கண் மூடியது, மூக்கு ஏறியது, 'க்கீ' என்றாள். என்றுவிட்டு, பழக்க தோஷம், அம்மாவின் கையைப் பார்த்தாள். தாட்சாயிணியும் தன் கையைப் பார்த்தாள். அடித்து அடித்து வலித்த கை. அதை மகளின் முகத்துக்குக் குறுக்கே வைத்துக் கூட்டத்திலிருந்து மறைத்துக்கொண்டு, "வேணா பூசாரி. தணல அவிச்சுடு" என்றாள். விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கூட்டம் மெதுவாகக் கூழ் அண்டாப் பக்கம் நகர்ந்தது. ஆத்தா வந்தாலும் வராவிட்டாலும் கூழ் கூழ்தானே. வடிவைச் சுற்றி வெற்றிடமாகிவிட்டது. மஞ்சள் புடவையும் கலைந்த தலையுமாக அங்கேயே நின்றாள். உலகநாதன் எழுந்து வந்தான். நெற்றியில் மண் ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது.

"இத்தினி வருசம்," என்றான். நெற்றி மண்ணைத் துடைத்தான். "ஆடிக்கு ஆடி ஊரு முன்னால உயுந்தேனேடி. அப்ப நான் யாரு கால்லதான் உயுந்தேன்?"

"என் கால்லதான்" என்றாள் வடிவு. "அதுக்கு முன்னால போட்டு அடிச்சியே அண்ணா. அதுவும் என்னியத்தான்."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கழுத்து வெட்டியது, தோள் ஏறி இறங்கியது, 'ஹுக்' என்ற சத்தம் வந்தது. கையையும் ஓங்காமல், குனிந்தும் கும்பிடாமல், அது முடிகிற வரைக்கும் உலகநாதன் பேசாமல் நின்றான்.